மனுவா, ஆர்.டி.ஐ.யா, கிராம சபையா? ஊர்ப் பிரச்சினையைக் கையிலெடுக்கும் இளைஞர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஊரில் பத்துப் பேர் சேர்ந்தாயிற்று. விளையாட்டுத் திடல் வேண்டும், அல்லது நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும், அல்லது ஏரிக்கரையில் குப்பை கொட்டுவது நிற்க வேண்டும். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அப்புறம்தான் குழப்பம். முதல்வர் உதவி மைய எண்ணான 1100-க்கு மனுப் போடலாம் என்கிறார் ஒருவர். இணையத்தில் கையெழுத்து இயக்கம் தொடங்கலாம் என்கிறார் இன்னொருவர். கவுன்சிலரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் போதும் என்கிறார் மூன்றாமவர். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம்) போட்டால்தான் பயப்படுவார்கள் என்று ஒரு கட்சி, கிராம சபையில் பேசினால்தான் நடக்கும் என்று ஒரு கட்சி.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலைக்கானவை. பழுதைச் சரிசெய்ய ஒரு வழி, தகவல் வாங்க இன்னொரு வழி, ஊரின் முடிவை மாற்ற மூன்றாவது வழி. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் முடிவு என்பது தீர்மானப் பதிவேட்டில் ஏறுவது. அங்கே ஏறாத எதற்கும் நிதி ஒதுக்க முடியாது. ஆகவே நீங்கள் பயன்படுத்தும் செயலியோ தளமோ கடைசியில் அந்தப் பதிவேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

பதில் கட்டாயமா? பதில் சொல்லாவிட்டால் அலுவலருக்குச் சட்டப்படி ஏதாவது நேருமா, இல்லை அவர் மனம் வைத்தால்தான் உண்டா?

நீங்கள் ஊர்க்காரர் என்பது தெரிகிறதா? ஐயாயிரம் கையெழுத்தில் எத்தனை உங்கள் வார்டு என்று காட்ட முடியாவிட்டால், அலுவலகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம்.

வயது. கிராம சபை உறுப்பினர் என்றால் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பிளஸ் டூ படிக்கும் 17 வயதுக்காரருக்கு அங்கே வாக்கு இல்லை.

யார் விடுபடுகிறார்கள்? போன் வழியாக மட்டும் கருத்துக் கேட்டால் வீட்டில் ஒரே போனைப் பகிர்ந்துகொள்ளும் பெண்களும், கூலி வேலைக்குப் போகிறவர்களும், ஊரின் கடைசித் தெருவும் கணக்கில் வரமாட்டார்கள்.

யார் பெயர் வெளியே தெரியும்? சின்ன ஊரில் இது பெரிய செலவு. சான்றிதழுக்கும் குடிநீர் இணைப்புக்கும் அதே அலுவலகத்தில்தான் நிற்க வேண்டும்.

காலம். எத்தனை நாளில் பதில் வரும் என்பது மட்டுமல்ல, எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதும்தான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## 1100 மற்றும் மாநில மனுத் தளம்

போனிலோ இணையத்திலோ மனுக் கொடுக்கலாம். மனு எண் வரும், நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் தெருவிளக்கு, குப்பை, சாலைப் பள்ளம் போன்றவற்றுக்கு 1913 இருக்கிறது. எரியாத விளக்கு, உடைந்த குழாய், அள்ளப்படாத குப்பை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில் வருகிறது. ஒரே மனுவில் சாலை, விளக்கு, குடிநீர் மூன்றையும் எழுதுவது முதலாவது. மனு ஒரு துறைக்குத்தான் போகும், அந்தத் துறை தன் பங்குக்குப் பதில் எழுதி முடித்துவிடும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான்.

இரண்டாவது, சொத்து யாருடையது என்று பார்க்காதது. சாலை ஊராட்சியுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? விளக்கு ஊராட்சியின் பொறுப்பு, கம்பமும் கம்பியும் மின்வாரியத்தின் பொறுப்பு. கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம் வரும். தவறான இடத்துக்குப் போன மனு "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற ஒற்றை வரியோடு முடியும்.

மூன்றாவதுதான் முக்கியம். மனு சுற்றிச் சுற்றி நீங்கள் யாரைப் பற்றிக் குறை சொன்னீர்களோ அவர் மேசைக்கே வரும். பெயரும் போன் எண்ணும் அதில் இருக்கும். "மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

"மாலையில் நூலகம் திறக்க வேண்டும்", "திடலுக்கு இடம் ஒதுக்க வேண்டும்" போன்ற கொள்கைக் கோரிக்கைக்கு இந்த வழி பொருந்தாது. "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், மனு முடிந்ததாகக் கணக்கில் ஏறும்.

## தகவல் உரிமைச் சட்டம்

2005-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டணம் ரூ.10. பதில் சொல்ல 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. சட்டம் "குடிமக்கள் அனைவரும்" என்று சொல்கிறதே தவிர வயது வரம்பு வைக்கவில்லை. தமிழ்நாடு அரசின் இணையத்தளத்திலும் விண்ணப்பிக்கலாம். உங்கள் உள்ளாட்சி அந்தப் பட்டியலில் தென்படவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் பிரிவு 6(3)-இன்படி அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

பதில் கட்டாயம் என்ற ஒரே காரணத்தால் இதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கிறார்கள். ஆர்.டி.ஐ. எதையும் மாற்றாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தைக் காட்டும், அவ்வளவுதான். "ஏன் திடல் அமைக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடலாம். இப்படிக் கேளுங்கள்: "2024–25 நிதியாண்டில் நடந்த கிராம சபைக் கூட்டங்களின் தீர்மான நகல்கள்", "நிர்வாக அனுமதி பெற்ற வேலைகளின் பட்டியல், மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை", "விளையாட்டுத் திடலுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் சர்வே எண்". ஒரு விண்ணப்பத்தில் நான்கைந்து கேள்வி போதும். இருபது கேட்டால் பக்கக் கணக்குப் போட்டே ஓட்டிவிடுவார்கள். நகலுக்குப் பதில் கோப்பைப் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம். படிக்கத் தெரிந்த இரண்டு பேர் போய் உட்கார்ந்தால் நூறு பக்க நகலைவிட அதிகம் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு காலம். இரண்டாவது மேல்முறையீடு வரை போனால் மாதக்கணக்கு, சில நேரம் ஆண்டைத் தாண்டும். அடுத்த செலவு பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்பு முகவரிக்கு மேல் எந்த விவரமும் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. ஆனால் அந்த முகவரியே ஊரில் போதுமானது. ஆகவே வெளியூரில் படிக்கும், வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் அந்த முகவரியிலிருந்து விண்ணப்பிப்பது பழக்கத்தில் உள்ள உத்தி.

## இ-கிராம் ஸ்வராஜ், மேரி பஞ்சாயத்

ஆர்.டி.ஐ. போடுமுன் பத்து நிமிடம் இங்கே செலவிடுங்கள். 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசின் ஊராட்சித் துறை தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் லாகின் இல்லாமலே உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வரவு, செலவு தெரியும். மேரி பஞ்சாயத் அதே விவரத்தைப் போனில் தரும் செயலி. ஊராட்சியின் பெயர் ஆங்கிலத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சிரமம்.

கேள்வி கேட்க அடித்தளமாக இது நன்று, ஆனால் இதையே முடிவான ஆதாரமாக நம்ப வேண்டாம். வேலையின் பெயர் பொதுவாக இருக்கும், தெரு தெரியாது. மாநில அரசுத் திட்டங்களில் நடக்கும் பல வேலைகள் இதில் வருவதே இல்லை. செயலியில் யோசனை பதிந்துவிட்டு ஊராட்சி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

## கிராம சபை, கூடவே போனில் எடுத்த கணக்கெடுப்பு

கொள்கை மாற வேண்டும் என்றால் எங்கள் தேர்வு இதுதான். உழைப்பும் இதில்தான் அதிகம்.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபைதான் ஊராட்சியின் மக்கள் மன்றம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். 2022 வரை நான்காக இருந்தது, அந்த ஆண்டு மார்ச்சும் நவம்பரும் சேர்ந்தன. தேதி சில முறை தள்ளிப்போகும், ஆகவே ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் மக்கள் திட்டமிடல் இயக்கம் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. நிதி கேட்கும் கோரிக்கை என்றால் அக்டோபர், நவம்பர் கூட்டங்கள்தான் உங்கள் இலக்கு. மே மாதம் போய்த் திடல் கேட்டால் "திட்டம் ஏற்கெனவே போட்டாச்சு" என்பார்கள், அதில் உண்மையும் உண்டு.

வேலையை ஆறு வாரமாகப் பிரிக்கலாம்.

முதல் இரண்டு வாரம் கணக்கெடுப்பு. கூகுள் ஃபார்ம் போதும். சிக்னல் இல்லாத ஊர் என்றால் இணையம் இல்லாமலே பதிவுசெய்து பிறகு அனுப்பும் கோபோ டூல்பாக்ஸ் நல்லது. ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு உட்காராதீர்கள். 600 வீடு உள்ள ஊரில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என 120 வீட்டுக்கு நேரில் போங்கள். நான்கு ஜோடி, மாலைக்கு 15 வீடு என்றால் இரண்டு மாலையில் முடியும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண் இருந்தால்தான் வீட்டுப் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். தெரு, வயதுப் பிரிவு, ஆணா பெண்ணா என்பது போதும். சாதி, ஆதார், போன் எண் எதையும் வாங்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். யாரென்று அடையாளம் தெரியும் விவரத்தை வாங்காமல் இருப்பதே சுலபம்.

மூன்றாம் வாரம் தீர்மான வரைவு. இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. "இளைஞர்களுக்கு வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது தீர்மானமே அல்ல. எது, எங்கே, எந்த நிதியில் என்ற மூன்றும் இருக்க வேண்டும். சர்வே எண், தெருப் பெயர், நீளம் மீட்டரில், உத்தேச மதிப்பீடு. நிதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒன்றிய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2025–26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது, மீதி 40 சதவீதம்தான் ஊர் விருப்பத்துக்கு. அந்த 60-லிருந்து திடல் கேட்டால் செயலர் சட்டத்தைக் காட்டி நிராகரிப்பார். இப்போது நடப்பில் உள்ள விகிதத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு வரைவை எழுதுங்கள்.

நான்காம் வாரம் வரைவை ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்த 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. உங்கள் ஊரில் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். தனி அலுவலர் என்றால் வார்டு உறுப்பினரிடம் பேசி ஆதரவு சேர்க்கும் வழி அடைபட்டிருக்கும், எழுத்து ஒன்றுதான் துணை.

கடைசி இரண்டு வாரம் ஆள் சேர்ப்பது. வாட்ஸ்அப் குழு உண்மையில் பயன்படுவது இதற்குத்தான். கூட்டத்துக்குக் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, வேண்டும்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. சேராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும். நூறுநாள் வேலை ஆட்களைக் கூட்டிவந்து எண்ணிக்கை காட்டும் ஊர்களில், அவர்களிடம் முன்கூட்டியே பேசாமல் போனால் உங்கள் பத்துப் பேர் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு வாசிக்கப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுச் சாயங்காலம் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது. எழுதிய பக்கத்தைப் போனில் படமெடுங்கள், கூட்டத்துக்கு அரசின் சார்பில் பார்வையிட வந்திருக்கும் பற்றாளர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்மான நகல் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வராவிட்டால் அப்போது ஆர்.டி.ஐ. போடுங்கள், அதன் சரியான இடம் இதுதான்.

ஊராட்சியின் அதிகாரத்துக்குள் வராத மதுக்கடை, நெடுஞ்சாலை, பேருந்து நேரம் போன்றவற்றில் தீர்மானம் பரிந்துரையாகத்தான் நிற்கும். நிறைவேற்றக் கூடாது என்றல்ல, அதை வைத்து ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எதிர்பார்ப்பை மட்டும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

## நகரத்தில் இருந்தால்: பகுதி சபை

நகர்ப்புறத்தில் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையின் 200 வார்டுகளில் ஒவ்வொன்றும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பகுதியின் வாக்காளர்கள் உறுப்பினர்கள். அங்கே எடுத்த முடிவு கவுன்சிலர் தலைமையிலான வார்டுக் குழுவுக்கும், அதன் வழியாக மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றத்துக்கும் போக வேண்டும்.

கிராம சபையோடு ஒப்பிட்டால் இது பலவீனமானது. கிராம சபைத் தேதி ஊருக்கே தெரியும், பகுதி சபை எப்போது நடக்கிறது என்பது பகுதிக்காரருக்கே தெரியாது. முதல் வேலை கவுன்சிலர் அலுவலகத்தில் தேதியையும், உங்கள் தெரு எந்தப் பகுதி எண்ணில் வருகிறது என்பதையும் எழுத்தில் கேட்பது. பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஆகவே நிதிக் கோரிக்கை டிசம்பருக்குள் வார்டுக் குழுவைத் தாண்டியிருக்க வேண்டும். மாடிக் குடியிருப்பிலும் விடுதியிலும் இருக்கும் இளைஞர்களின் வாக்கு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும். அவர்கள் ஆயிரம் யோசனை சொன்னாலும் சபையில் கணக்கில்லை.

## கவுன்சிலரோடு வாட்ஸ்அப் குழு

வேகம் இதற்கு நிகர் எதிலும் இல்லை. அடைத்த சாக்கடையின் படத்தைப் போட்டால் மாலைக்குள் ஆள் வருவதும் உண்டு. ஆனால் பதிவு எண் கிடையாது, ஒப்புகை கிடையாது. தேர்தலில் கவுன்சிலர் மாறினால் குழுவோடு சேர்ந்து எல்லாம் போய்விடும். குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். இளம்பெண்களுக்கு இது நிஜமான தொல்லை. அறிவிப்பு மட்டும் வரும் குழுவாக வைத்து, நிர்வாகிகள் இரண்டு மூன்று பேரே பதிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

## இணையக் கையெழுத்து இயக்கம்

செய்தியாளர் கவனத்துக்கு மட்டும். கையெழுத்திட்டவர் ஊர்க்காரரா என்று காட்ட வழியில்லாததால் உள்ளாட்சி அலுவலகத்தில் எடுபடாது. மாவட்ட அளவில் பேச்சாக வேண்டிய நீர்நிலை, குப்பைக் கிடங்கு போன்ற விஷயத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

## நமக்கென்று ஒரு தளம்

பார்சிலோனாவின் டெசிடிம், மாட்ரிட்டின் கான்சுல் இரண்டும் மக்கள் யோசனை சொல்லி வாக்களிக்கும் தளம் நடத்த, யாரும் இலவசமாக எடுத்து நிறுவக்கூடிய மென்பொருள். கணினி படித்த பிள்ளைகளுக்கு இதில் ஆசை வருவது இயல்பு. மாட்ரிட்டின் அனுபவத்தைப் பாருங்கள். 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு சதவீதம் ஆதரித்தால் யோசனை பொதுவாக்கெடுப்புக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் யோசனைகள் குவிந்தும், 2017-இல் அந்த வரம்பைத் தாண்டி வாக்கெடுப்புக்குப் போனவை இரண்டுதான். அங்கே நகராட்சியே தளத்தை நடத்தியது, முடிவை ஏற்பதாக உறுதியும் கொடுத்தது. இரண்டும் இல்லாமல் நம் ஊரில் மூன்று மாணவர்கள் நடத்தும் தளம், பரீட்சை வந்ததும் நின்றுவிடும். மன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் யோசியுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பதில் கட்டாயமா | 18-க்குக் கீழ் முடியுமா | செலவும் உழைப்பும் | எதற்கு |
|---|---|---|---|---|
| 1100 / 1913 | இல்லை, எண் மட்டும் | ஆம் | மிகக் குறைவு | பழுது |
| ஆர்.டி.ஐ. | ஆம், 30 நாள் | சட்டத்தில் தடையில்லை | ரூ.10, காத்திருப்பு | ஆவணம் |
| இ-கிராம் ஸ்வராஜ் | இல்லை | ஆம் | பத்து நிமிடம் | முன்தயாரிப்பு |
| கிராம சபை | தீர்மானமானால் ஊராட்சி செயல்பட வேண்டும் | வாக்கில்லை | ஆறு வாரம், பத்துப் பேர் | கொள்கை, நிதி |
| பகுதி சபை | மன்றம் வரை போகும் | வாக்கில்லை | தேதியைத் துரத்துவது | நகரக் கோரிக்கை |
| வாட்ஸ்அப் | இல்லை | ஆம், கவனத்தோடு | தினசரி நேரம் | அவசரம், ஆள் சேர்ப்பு |
| கையெழுத்து இயக்கம் | இல்லை | ஆம் | குறைவு | ஊடகம் |
| சொந்தத் தளம் | மன்றம் ஒப்பினால் மட்டும் | நீங்கள் வைக்கும் விதி | மிக அதிகம் | மன்றம் கூட நின்றால் |

## குழுவில் 17 வயதுக்காரர்கள் அதிகமா?

கணக்கெடுப்பு, வரைபடம், ஆர்.டி.ஐ. பதில்களை அட்டவணையாக்குவது ஆகிய வேலைகளை அவர்களிடம் கொடுங்கள். தீர்மானத்தை முன்மொழியவும் வழிமொழியவும் வாக்காளராக உள்ள அக்கா அண்ணன் இருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 17 முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ இப்போதே கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எப்போது 18 நிறைகிறதோ அந்தக் காலாண்டில் பெயர் ஏறும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாக வைத்துத் தயாராவதால், பெயர் ஏறியதா, எந்த வார்டில் ஏறியது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் விடுதியில் படிப்பவர்கள் பெயரை அங்கே மாற்றிக்கொண்டால் சொந்த ஊர் சபையில் உறுப்பினர் இல்லை. எந்த ஊரில் வேலை செய்யப் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.